‘க’ போட்ட கம்பி

ஜூன் 3, திங்கள்

முதலாளி இந்த நோட்டை வாங்கிக் கொடுத்து, "அம்மிணி, லேப்புல நடக்கறது ஒண்ணு விடாம தேதி போட்டு எழுதிப்போடோணும்" என்றார். ஒன்று விடாமல் என்றால் ஒன்று விடாமல்தான் எழுதுவேன். பிறகு படித்துவிட்டு முகத்தைச் சுளித்தால் நான் பொறுப்பில்லை.

காலை ஆறரைக்கு சென்ட்ரலில் இறங்கினேன். மூன்று கம்பி, ஒவ்வொன்றும் ஏழு கிலோ, பழைய ஜமக்காளத்தில் சுற்றியிருந்தது. போர்ட்டர் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னாமா இது, பீரங்கியா?" என்றான். "பாலம்" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தான். பார்க்கட்டுமே.

எதற்கு வந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். பவானி ஆற்றுக்கு மேலே புதிதாக ஒரு பாலம் வரப்போகிறது. முறுக்குக் கம்பி பன்னிரண்டு மீட்டர்தான் வரும், பாலம் அதைவிட நீளம். பழைய முறையில் இரண்டு கம்பியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கட்டுக்கம்பியால் கட்டிவிடுவார்கள். எங்கள் முறை வேறு. கம்பியின் முனையை அழுத்தித் தடிப்பாக்கி, அதில் மரை வெட்டி, கப்ளர் என்கிற இரும்புக் குழாய்க்குள் இரண்டு பக்கமும் திருகி முடுக்கிவிடுவோம். கோயம்புத்தூர் குறிச்சியில் எங்கள் பட்டறை. மரை வெட்டும் பிரிவுக்குப் பொறுப்பு கருணாம்பிகையாகிய நான். பதினேழு வருடம் ஆகிறது. நான் வெட்டிய மரை ஏறவில்லை என்று இதுவரை ஒரு சைட்டிலிருந்தும் ஒரு கம்பி திரும்பி வந்ததில்லை.

நான் பார்த்து விட்ட ஒவ்வொரு கம்பியிலும் லெட்டர் பஞ்ச்சை வைத்துச் சுத்தியலால் ஒரே போடு. ‘க’ என்று ஆழமாக விழும். முறுக்குக் கம்பி முழுக்க வரி வரியாக இருப்பதால் எழுத்து சரியாக விழாது. தடித்த முனை மெலிந்து கம்பியோடு சேருகிற கழுத்தில் மட்டும் வழவழப்பாக இருக்கும். அங்கேதான் போடுவேன். சைட்காரர்கள் ஃபோனில், "க போட்ட கம்பிதானுங்களே?" என்று கேட்டு வாங்குவார்கள். இந்தப் பாலத்துக்கும் அறுநூற்று நாற்பது கம்பி, அத்தனையும் ‘க’, ஏற்கெனவே சைட்டில் இறங்கிக் கிடக்கிறது.

இரண்டாவது மெஷினில் ரமீஜா என்று ஒருத்தி இருக்கிறாள். வந்து ஆறு வருடம். வேலை மோசமில்லை. ஆனால் அவள் கம்பிக்கு மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடுதான். "அக்கா, எனக்கும் ஒரு எழுத்து வெச்சுக்கட்டுங்களா?" என்று முன்பு ஒருமுறை கேட்டாள். "எழுத்து என்ன கடலை மிட்டாயா, கேட்டவங்களுக்கெல்லாம் எடுத்து நீட்ட?" என்றேன். அப்புறம் கேட்கவில்லை.

லேப் அம்பத்தூரில். ஹாஸ்டல் அங்கிருந்து மூன்று தெரு தள்ளி. சாம்பாரில் வெல்லம் போட்டிருக்கிறார்கள்.

ஜூன் 4, செவ்வாய்

லேப் பொறுப்பாளர் பெயர் ஜெபமணி. நாகர்கோவில்காரர், என் வயதுதான் இருக்கும். ஒரு வார்த்தை பேச இரண்டு நிமிடம் யோசிக்கிற ஆள். எனக்கு இப்படிப்பட்டவர்களைக் கண்டாலே ஆகாது.

முதல் கம்பியை மெஷினில் நிறுத்தி மேலேயும் கீழேயும் தாடையால் கவ்வ வைத்தார். நடுவில் என் கப்ளர். பத்து மணிக்குப் பொத்தானை அழுத்தினார். இழுக்கும், கொஞ்சம் தளர்த்தும், மறுபடி இழுக்கும். ஒரு செகண்டுக்கு ஐந்து தடவை.

"இழுத்து அறுக்கற டெஸ்ட்டுல நாங்க பாஸ் பண்ணிட்டோமுங் சார். கம்பிதான் அறுந்துது, கப்ளர் அசையவே இல்லை. எதுக்கு இன்னொண்ணு?" என்றேன்.

"அது ஒரே இழுப்பு மேடம். பாலத்துல லாரி போவும், வரும். ஒவ்வொண்ணுக்கும் கம்பி கொஞ்சம் நீளும், சுருங்கும். பாரம் கொஞ்சந்தான். ஆனா வருசக்கணக்கா நடக்கும்லா? இரும்புக்கும் அசதி வரும். அசந்து போயி ஒருநாள் அறுந்துரும்."

"இரும்புக்கு அசதியா! பதினேழு வருசமா நின்னுட்டே மரை வெட்டறேன், எனக்கே வர்லீங்."

அவர் சிரித்தார் என்று நினைக்கிறேன். மீசை ஒரு பக்கம் அசைந்தது.

கணக்கு இதுதான். மூன்று கம்பி, ஒவ்வொன்றும் இருபது லட்சம் இழுப்பு. ஒரு கம்பிக்கு நாலரை நாளுக்குக் கொஞ்சம் மேலே ஆகும். மூன்றும் தாங்கினால் எங்கள் கப்ளர் பாலத்துக்குள் போகும். தாங்காவிட்டால், பாலத்தை வரைகிற எஞ்சினியர் யாமினி மேடம் வரைபடத்திலிருந்து கப்ளரையே எடுத்துவிடுவார். பிறகு எந்தப் பாலத்துக்கும் எங்களைக் கூப்பிட மாட்டார்கள்.

ஜூன் 5, புதன்

காலை பத்துக்கு 4,32,000. ஒரு சலனமில்லை. துணி துவைத்தேன். வீட்டுக்காரர் ஃபோன் செய்து ரசப்பொடி எங்கே என்றார். இருபத்தாறு வருடமாக அதே டப்பாவில்தான் இருக்கிறது.

ஜூன் 6, வியாழன்

மதியம் மூன்றரைக்கு ‘டங்’ என்று ஒரு சத்தம். மெஷின் தானாக நின்றுவிட்டது. 9,61,340.

கிட்டே போய்ப் பார்த்தேன். கப்ளர் முழுசாக இருக்கிறது! உள்ளே மரை முழுசாக இருக்கிறது! அறுந்தது வெளியே, கம்பியில். உயிர் வந்தது. "பாத்தீங்களா சார், கம்பிதான் அறுந்துருக்குது, எங்க வேலை அப்படியே நிக்குது" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து ரூமிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

ஜெபமணி குனிந்து பார்த்தார். "கழுத்துல அறுந்துருக்கு மேடம். கழுத்து உங்க வேலைலா?" என்றார்.

முதலாளியிடம் ஃபோனில் சொன்னேன். "கம்பி பண்ணுன மில்லு மேல போட்டுருவோம். அப்படியே ரிப்போர்ட்டுல வர்ற மாதிரி பாத்துக்க அம்மிணி" என்றார். சரி என்றேன். கம்பியில் பிறவிக் குறை இருந்தால் நாங்கள் என்ன செய்ய முடியும்?

ஜூன் 7, வெள்ளி

அறுந்த முகத்தை விளக்குக்குக் கீழே வைத்து லென்ஸைக் கொடுத்தார் ஜெபமணி. சிப்பி ஓட்டின் முதுகில் இருக்குமே வரி வரியாக, அந்த மாதிரி இருந்தது. வரியெல்லாம் வளைந்து வளைந்து ஓரத்தில் ஒரே புள்ளியில் போய்ச் சேர்ந்தது.

"விரிசல் அங்க பொறந்துருக்கு. ஒவ்வொரு இழுப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமா வளந்துருக்கு. அந்தப் புள்ளியில என்ன இருக்கு மேடம்?"

"தெரியலீங்" என்றேன்.

பேனாவால் அந்த இடத்தைச் சுற்றி வட்டம் போட்டார். வட்டத்துக்குள் என்ன இருந்தது என்று இங்கே எழுதப்போவதில்லை. மில் இரும்பில் குறை. அப்படித்தான் முதலாளியிடம் மறுபடியும் சொன்னேன்.

மதியம் பன்னிரண்டுக்கு இரண்டாவது கம்பி ஏறியது. லேப்பில் நாற்காலி நன்றாகவே இல்லை, முதுகு வலிக்கிறது. சாப்பாடு இறங்கவில்லை. ஹாஸ்டல் சமையல் அப்படி.

ஜூன் 8, சனி

4,32,000. எழுத ஒன்றும் இல்லை.

ஜூன் 9, ஞாயிறு

சோப்பு வாங்க வில்லிவாக்கம் போகலாம் என்று காலையில் பஸ் ஏறினேன். சோப்பு அம்பத்தூரிலேயே கிடைக்கும். ரூமில் உட்கார முடியவில்லை, அதுதான் விஷயம். ஒரு மேம்பாலத்தில் பஸ் ஏறி நின்றுவிட்டது. நெரிசல். எதிர்ப்பக்கம் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. நான் எண்ண ஆரம்பித்தேன். ஒரு லாரி, ஒரு இழுப்பு. ஒரு பஸ், ஒரு இழுப்பு. எனக்கு முன் சீட்டில் ஒரு பெண் மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எண்ணிக்கை நூற்றுப் பத்தோ என்னவோ, அதற்கு மேல் எண்ண முடியவில்லை. பாலம் இறங்கியதும் இறங்கி எதிர்ப்பக்க பஸ்ஸைப் பிடித்து நேராக லேப்புக்குப் போனேன்.

ஜெபமணி சர்ச் முடிந்து வெள்ளைச் சட்டையோடு மெஷினின் எண்ணெய் பார்க்க வந்திருந்தார். நல்லதாகப் போயிற்று. இன்னும் ஒரு நாள் தள்ளியிருந்தால் எனக்கு வாய் வந்திருக்காது.

"சார், அந்தப் புள்ளியில இருக்கறது என்ற எழுத்துங்" என்றேன்.

அவர் எண்ணெய் டப்பாவைக் கீழே வைத்தார்.

"‘க’வோட அடி மூலை. பஞ்ச் அங்கதான் ஆழமா எறங்கும். வெள்ளிக்கெழமையே தெரியும். லென்ஸுல பாத்த உடனே தெரிஞ்சுபோச்சு. தெரியலீன்னு பொய் சொல்லிப்போட்டேன்."

"எனக்கும் தெரியும் மேடம். எழுத்து ரெண்டா பொளந்து நிக்கி. கண்ணு தெரியாதவனுக்கும் தெரியும்."

"அப்ப ஏன் கேட்டீங்க?"

"நான் எழுதுனா அது லேப்புக்காரன் சொன்னது. நீங்க சொன்னா அது வேலை செஞ்சவங்க சொன்னது."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவர் மேல் இல்லை. வரி இல்லாத வழவழப்பான இடம் என்று தேடித் தேடி, கம்பி தடிப்பிலிருந்து மெலிகிற இடத்தில், பாரம் முழுக்க நெருக்கியடித்துக்கொண்டு போகிற இடத்தில், உளியை வைத்து அடித்திருக்கிறேன். பதினேழு வருடம்! கட்டடத் தூணில் பரவாயில்லை, அங்கே பாரம் வந்து உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான், போய்ப் போய் வராது என்று ஜெபமணியே சொன்னார். நாங்கள் இதுவரை பாலத்துக்குக் கொடுத்ததே இல்லை. இதுதான் முதல். முதல் பாலத்துக்குத்தான் பொறுக்கிப் பொறுக்கி ‘க’ போட்டதாக அனுப்பினோம்.

"இப்ப ஓடறதும் பத்து லட்சத்தை ஒட்டித்தான் போவும் சார். மேல் கழுத்துல அறும். அங்கதான் நான் ரெண்டு தடவை அடிச்சேன், மொத தடவை சரியா விழல" என்றேன்.

மெஷினைப் பார்த்தேன். 8,64,000 ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஃப்ளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். வேண்டாம் என்றுதான் சொல்ல நினைத்தேன். குடித்தேன்.

ஜூன் 10, திங்கள்

10,12,600. மேல் கழுத்து. நேற்று ராத்திரி எட்டேகாலுக்கு நின்றதாக வாட்ச்மேன் எழுதி வைத்திருக்கிறார். சொன்ன இடத்திலேயே, சொன்ன கணக்கிலேயே. ஜெபமணி, "மேடம், நீங்க இங்க வேலைக்கு வந்துருங்க" என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டும் கலந்து ஏதோ ஒன்று வந்தது.

முதலாளியிடம் எல்லாம் சொன்னேன். முதலில் நம்பவில்லை. பிறகு கத்தினார்.

"உனக்கென்ன கிறுக்கு புடிச்சுருச்சா? மில்லு மேல போடுன்னு சொன்னா, நீயே போயி என்ற கழுத்தை வெட்டுன்னு நீட்டிப்போட்டு வர்றே!"

"உங்க கழுத்தில்லீங்ண்ணா. கம்பியோட கழுத்து."

"வெளையாடாத கருணா. ‘க’ இல்லாம நம்ம கம்பியை எவன் வாங்குவான்? அந்த எழுத்தாலதான் பட்டறையே நிக்குது."

"அந்த எழுத்தாலதான் பாலம் விழும்ங்ண்ணா" என்றேன்.

"அறுநூத்தி நாப்பதும் அங்க கெடக்குதே அம்மிணி" என்றார், ரொம்ப மெதுவாக. நான் பட்டறையில் சேர்ந்த நாளிலிருந்து அவர் அந்தக் குரலில் பேசிக் கேட்டதில்லை.

"நாளைக்கு எஞ்சினியர் மேடம் வர்றாங்க. நானே சொல்லிக்கறேன்" என்று வைத்துவிட்டேன்.

ஜூன் 11, செவ்வாய்

யாமினி மேடம் வந்தார். முப்பத்தைந்து வயதுதான் இருக்கும், கையில் ஹெல்மெட்டோடு ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். நான் எதிர்பார்த்த ஆளே இல்லை. காரில் வருவார், மூக்குக்கு மேல் கோபம் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

இரண்டு அறுந்த துண்டையும் மேஜையில் வைத்து நானே காட்டினேன். இதுதான் எழுத்து, இதுதான் விரிசல் பிறந்த இடம், அடித்தது நான் என்றேன். சைட்டில் கிடக்கும் அறுநூற்று நாற்பதிலும் அதே இடத்தில் இருக்கிறது என்றும் சொன்னேன். அதைச் சொல்லும்போது மட்டும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

லென்ஸை ரொம்ப நேரம் பிடித்துப் பார்த்தார். "கம்பி அறுந்தா கப்ளர் பாஸ்னு உங்க ஓனர் நேத்து எனக்கு மெயில் அனுப்பியிருந்தார். இப்ப நீங்க இப்படிச் சொல்றீங்களே?" என்றார்.

"எழுத்துதான் காரணம்னு ஒத்துக்க அவருக்கு மனசு வர்லீங். எனக்கு வந்துருச்சு."

ஜெபமணி இருமினார். யாமினி மேடம் சிரித்துவிட்டார். சிரித்து முடித்துவிட்டுச் சொன்னதுதான் முக்கியம்.

"அந்த அறுநூத்தி நாப்பதும் அஸ்திவாரத்துக்குப் போகட்டும். மண்ணுக்குள்ள பாரம் ஏறி எறங்காது, அங்க உங்க எழுத்தால ஒண்ணும் ஆகாது. மேல்தளம் சேர்ற எடத்துக்கு எழுத்தில்லாத கம்பிதான் வேணும். புதுசா மூணு கொண்டு வாங்க. இன்னொரு சான்ஸ், அவ்வளவுதான். மூணுல ஒண்ணு அறுந்தாலும் நான் கப்ளரை எடுத்துடுவேன்மா. வருத்தப்படக் கூடாது."

"வருத்தப்படுவேனுங். ஆனா உங்களைத் திட்ட மாட்டேன்" என்றேன்.

நாளைக்கே மெஷினில் ஏற்றாவிட்டால் லேப்பில் இடம் இல்லை, அடுத்த மாதம்தான் என்றார் ஜெபமணி. பட்டறையில் ஸ்டாக்கில் இருப்பது எல்லாமே ‘க’. எழுத்தில்லாமல் வெட்டிய கம்பி எங்கே இருக்கிறது?

யோசிக்கவே வேண்டியதில்லை. ஆறு வருடமாக எழுத்தில்லாமல் வெட்டுகிற ஆள் ஒருத்திதான். எழுத்துக் கொடுக்காதது யார் என்று இந்த நோட்டிலேயே முதல் பக்கத்தில் இருக்கிறது.

ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு லேப் வாசலில் பத்து நிமிடம் நடந்தேன். பிறகு போட்டேன்.

"ரமீஜா, உன்ற மஞ்சக்கோட்டுக் கம்பியில மூணு பாத்து எடுத்து, ராத்திரி பஸ் பார்சல்ல போட்டு வுடு. பாலத்து டெஸ்ட்டுக்கு."

"என்னுதாங்கா? மாத்திச் சொல்றீங்களா?"

"உன்னுதுதான்."

"அக்கா, அதுல எழுத்து இல்லீங்க்கா."

"அதுக்குத்தான் கேக்கறேன்."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. நானே சொன்னேன், முழுக்கச் சொன்னேன். அவள் சிரித்திருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை. "அச்சச்சோ, உங்க எழுத்துங்களே அக்கா" என்று எனக்காக வருத்தப்பட்டாள். அதுதான் தாங்கவில்லை.

ஜூன் 12, புதன்

பார்சல் வந்தது. சாக்கில் சுற்றி, மரைக்கு மேல் கிரீஸ் தடவி, அதற்கு மேல் சைக்கிள் ட்யூப் வெட்டி மாட்டி அனுப்பியிருக்கிறாள். நான் வெறும் ஜமக்காளத்தில்தான் கொண்டு வந்தேன்.

மரையின் அளவு பார்க்கிற கேஜ் போட்டுப் பார்த்தேன். ஆறு வருடமாக அவள் கம்பிக்கெல்லாம் நான்தான் கேஜ் போடுகிறேன், சரி என்று ஒரு பக்கமாக வைப்பேன். இன்று ஒவ்வொரு மரையாகப் பார்த்தேன். மரையின் அடிப்பள்ளம் வழவழவென்று, ஒரு பிசிறு இல்லை. என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. எழுதிவிட்டேன், அடிக்கப்போவதில்லை.

மாலை நான்குக்கு முதல் கம்பி ஓடத் தொடங்கியது.

ஜூன் 14, வெள்ளி

ரமீஜா காலையில் ஒரு ஃபோன், மதியம் ஒரு ஃபோன். "எவ்வளவு அக்கா?" எட்டு லட்சம் ஆயிற்று. "பயமா இருக்குதுங்க்கா, நோன்பு வெச்சுக்கட்டுங்களா?" என்கிறாள். "மெஷினுக்கு எதுக்கு நீ பட்டினி கெடக்கறே? சோறு தின்னு" என்று அதட்டினேன். நானும் மதியம் சாப்பிடவில்லை. மறந்துவிட்டேன்.

ஜூன் 15, சனி

நேற்று ராத்திரி ஒன்பதரைக்கு 9,61,340 தாண்டியபோது மெஷினுக்கு முன்னால் நின்றேன். நடுராத்திரிக்குப் பிறகு 10,12,600 தாண்டியபோதும் நின்றேன். என் கம்பிகள் செத்த இடம் இரண்டும் சர்வசாதாரணமாகப் போய்விட்டது. முதல் முறையாக அசதி என்றால் என்னவென்று முட்டியில் தெரிகிறது.

ஜூன் 17, திங்கள்

ஏழு மணிக்கே லேப் வாசலில் போய் நின்றேன். 20,00,000 காட்டிவிட்டு மெஷின் அடங்கியிருந்தது. கம்பி முழுசு! ஜெபமணி கழற்றி, விரிசலைக் காட்டுகிற சாயம் பூசித் துடைத்து லென்ஸ் வைத்துப் பார்த்தார். மயிரிழை விரிசல்கூட இல்லை. பதினொன்றுக்கு இரண்டாவது ஏறியது.

ரமீஜாவிடம் ஃபோனில் சொன்னேன். பின்னால் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. "மெஷினை வுட்டுப்போட்டு ஃபோன் பேசாதே" என்றேன், பழக்கதோஷம்.

ஜூன் 18, செவ்வாய்

முதலாளி பேசினார். அறுநூற்று நாற்பதையும் அஸ்திவாரத்துக்கு மாற்றிக்கொள்வதாக சைட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். "உன்ற பேரு ஆத்துக்கு அடியில போகுது அம்மிணி" என்றார், கிண்டலாகத்தான். போகட்டும். பாலம் மேலே நிற்க வேண்டுமானால் கீழேயும் யாராவது இருந்தாக வேண்டும். இனிமேல் எந்தக் கம்பியிலும் பஞ்ச் கூடாது, கப்ளருக்கு மேலே பெயின்ட்டில் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டேன். சரி என்றார். அவர் சரி என்று ஒரே தடவையில் சொன்னது இதுதான் முதல் முறை.

ஜூன் 22, சனி

இரண்டாவதும் இருபது லட்சம்! விரிசல் இல்லை! வாயெல்லாம் பல் எனக்கு. ஹாஸ்டல் வார்டன், "பொண்ணுக்கு ஏதாவது நல்ல காரியமா?" என்றார். எனக்குப் பெண்ணே கிடையாது.

காலையிலிருந்து அம்பத்தூரில் கரண்ட் இல்லை. மாலை ஐந்துக்குத்தான் மூன்றாவது ஏறியது.

ஜூன் 25, செவ்வாய்

மதியம் இரண்டு மணி. நான் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தேன். மெஷின் சத்தம் நின்றது.

குழாயை மூடாமலே ஓடினேன். 12,42,000. டங் சத்தம் கேட்கவில்லையே, கேட்கவில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கழுத்து இரண்டையும் கையால் தடவிப் பார்த்தேன். "கையை எடுங்க மேடம்!" என்று ஜெபமணி முதல் தடவையாகக் கத்தினார். அவருக்கும் கத்த வரும்.

கம்பிக்கு ஒன்றும் இல்லை. மெஷின் எண்ணெய் சூடேறித் தானே நின்றிருக்கிறது. ஆற வைத்து ஒரு மணி நேரத்தில் மறுபடி ஓட்டினார்.

அந்த ஒரு மணி நேரம் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தேன். அறுந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். என் கம்பி அறுந்தபோது பட்டறை மானம் போகிறதே என்றுதான் பதறினேன். இன்றைக்குப் பட்டறை ஞாபகமே வரவில்லை. இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்பது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது. அவள் ஃபோன் செய்தபோது எண்ணெய் சூடான கதையைச் சொல்லவில்லை. "ஓடுது, ஓடுது" என்றேன்.

ஜூன் 27, வியாழன்

இன்றைக்கு யாமினி மேடமும் வந்திருந்தார். எட்டரைக்கே மூவரும் மெஷின் முன்னால் நின்றோம்.

"இருபதுல தானா நிக்கிற மாதிரி வெச்சிருந்தேன். அதை இப்ப எடுத்துட்டேன். மெஷினுக்கு அடுத்த வேலை நாளைக்குத்தான். எவ்வளவு தூரம் போவுதுன்னு பாப்போமே" என்றார் ஜெபமணி.

ஒன்பது ஏழுக்கு 19,99,990. அப்புறம் கண் சிமிட்டுவதற்குள் 20,00,000. நிற்கவில்லை. 20,00,050. 20,00,100. அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. யாமினி மேடம் என் கையைப் பிடித்து, "கப்ளர் பாலத்துல இருக்கும்மா. இன்னைக்கே வரைபடத்துல கையெழுத்துப் போட்டுடறேன்" என்றார். என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. துடைக்கவில்லை, எதற்குத் துடைக்க வேண்டும்?

ஜெபமணி ரிப்போர்ட் தாளை எடுத்து வைத்தார். "மரை வெட்டியவர்னு ஒரு கட்டம் இருக்கு மேடம். பட்டறை பேரைப் போட்டாலும் போதும், எல்லாரும் அப்படித்தான் போடுதாங்க. இல்ல, நீங்கதான பொறுப்பு, உங்க பேரையே போட்டுரட்டா?"

"என்ற பேரு எதுக்குங்? ரமீஜா பேகம். ரா இல்லீங், ர. ரமீஜா. சரியா எழுதுங்க சார், தப்பா எழுதிப்போட்டீங்கன்னா நான் கோயம்புத்தூர் போக மாட்டேன்."

எழுதினார். மூன்று தாள், மூன்றிலும். நான் பக்கத்தில் நின்று எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்த்தேன்.

பிறகு அவளுக்கு ஃபோன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"அக்கா?"

ஃபோனைக் கொண்டுபோய் மெஷினுக்குக் கிட்டே பிடித்தேன். தட் தட் தட் தட் தட். செகண்டுக்கு ஐந்து. ஒரு நிமிடம் அப்படியே பிடித்திருந்தேன். ஜெபமணி கடிகாரத்தைப் பார்த்தார், நான் முறைத்தேன், திரும்பிக்கொண்டார்.

"கேக்குதா?" என்றேன்.

"கேக்குதுங்க்கா. என்னக்கா அது?"

"இருபது லட்சம் தாண்டிப் போயிட்டிருக்குது. நீ வெட்டுன மரை."

அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். பட்டறையில் யாரோ "என்னாச்சு, என்னாச்சு" என்று கேட்பது காதில் விழுந்தது. அழுகைக்கு நடுவே, "அக்கா, இன்னும் ஓடுதுங்களா?" என்று கேட்டாள்.

"ஓடுதுடீ" என்றேன். "நிக்கவே மாட்டேங்குது."